கேசட்டை ஊத வேண்டாமுங்க

"வீடியோ கேம் கேசட் ஓடவில்லையா, வாயால் ஊதுங்கள், தூசி போய்விடும்" என்று மேலே நண்பர் எழுதியிருக்கிறார். ஈரோட்டில் சின்ன வயதில் நானும் ஊதியவன்தானுங்க. ஆனால் படம் வந்தது ஊதியதால் அல்ல. கழற்றி மறுபடி செருகும்போது பின்கள் உரசி, தொடர்பு சரியாகிவிடும், அவ்வளவுதான். ஊதினால் எச்சில் ஈரம் பட்டு, உள்ளே இருக்கும், மின்தொடர்பு தரும் உலோகப் பட்டைகள் நாளடைவில் அரித்துப்போகும். இந்த கேசட்டுகளைத் தயாரித்த நிண்டெண்டோ நிறுவனமே ஊதாதீர்கள் என்றுதான் சொன்னது. போன மாதம் திறந்த ஒரு ஃபாமிகாம் (நிண்டெண்டோவின் பழைய வீடியோ கேம் கருவி) கேசட்டில் 60 பட்டைகளில் நாலைந்து பச்சை பூத்துக் கிடந்தன. காது குடையும் பஞ்சுக்குச்சியில் ஐசோபுரோபைல் ஆல்கஹாலை (சீக்கிரம் ஆவியாகிவிடும் துடைப்புத் திரவம்) தொட்டு, பஞ்சில் கருப்பு ஏறுவது நிற்கும்வரை துடையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு செருகுங்கள். அப்புறம், தேங்காய் எண்ணெய் தடவச் சொன்ன அண்ணனுக்கு: அது இன்னும் மோசமுங்க, தூசி அப்படியே ஒட்டிக்கொள்ளும்.