ஃபால்கொனேயை அலங்காரச் சிற்பி என்று ஒதுக்குவது நியாயமா?

பதினெட்டாம் நூற்றாண்டு பிரான்சின் நளினமும் அலங்காரமும் மிக்க பாணியான ரொகோகோவின் சிற்பங்களை அரசவைச் சீமாட்டிகளின் அறைகளை நிரப்பிய அழகுப் பண்டங்கள் என்று கூறிக் கடந்துபோகும் வழக்கம் கலை ஆர்வலர்களிடையே இன்னும் இருக்கிறது. இந்தத் தீர்ப்பை என்னால் ஏற்க இயலவில்லை. பிரெஞ்சுச் சிற்பி எத்தியென் மோரிஸ் ஃபால்கொனேயின் (1716–1791) பணியைத் தொடர்ந்து கவனிக்கும் எவரும் ஏற்க மாட்டார்கள் என்றே நம்புகிறேன்.

பாரிஸில் எளிய குடும்பத்தில் பிறந்து, சிற்பி லெமொய்னிடம் தொழில் பயின்ற ஃபால்கொனேக்கு 1754இல் அரச கலைக்கழகத்தில் இடம் பெற்றுத் தந்தது, சிங்கத்தின் பிடியில் கதறும் மல்லன் மைலோவின் பளிங்குச் சிலை. அதில் நளினத்துக்கு இடமே இல்லை. வலி மட்டுமே உண்டு. உதட்டில் விரல் வைத்தபடி அம்பறாத்தூணியிலிருந்து அம்பை உருவும் காதல் தெய்வச் சிறுவனை பிரெஞ்சு மன்னர் பதினைந்தாம் லூயியின் காதலி மதாம் தெ பொம்பதூருக்காகச் செதுக்கியவரும், நீராட இறங்கும் இளம்பெண்ணை 1757ஆம் ஆண்டுக் கண்காட்சியில் வைத்தவரும் இவரே. அதே ஆண்டு முதல் 1766 வரை பிரான்சின் செவ்ர் பீங்கான் ஆலையின் சிற்பப் பிரிவை இவர் நடத்தினார். மெருகு பூசாத வெண்பீங்கானில் ஒரு சிறு பிழையைக்கூட மறைக்க முடியாது என்பதால், அந்த ஆண்டுகளை அவரது திறமை வீணான காலம் என்று கருதுவது தவறு என்பேன்.

பிறகு, அவருடைய நண்பரும் தத்துவ எழுத்தாளருமான தீதரோவின் பரிந்துரையால் ரஷ்யப் பேரரசி இரண்டாம் கத்தரீனின் அழைப்பு வந்தது. முதலாம் பீட்டருக்குக் குதிரைச் சிலை அமைக்க 1766இல் சென்ற ஃபால்கொனே, ரோமப் பேரரசர் மார்க்கஸ் அவுரேலியஸின் சிலையைப் பின்பற்றும்படி அதிகாரிகள் கூறியதை மறுத்து, முன்னங்கால்களைத் தூக்கிப் பாறை உச்சியில் நிற்கும் குதிரையைத் தேர்ந்தார். செயற்கை மேடொன்றை எழுப்பி, அதன்மீது வீரர்களைக் குதிரையில் பாய்ந்தேறச் செய்து, அந்த ஒரு கணத்தை மீண்டும் மீண்டும் வரைந்தார். குதிரையின் பின்னங்கால்களும், மிதிபடும் பாம்பைத் தொடும் வாலுமே மொத்த எடையையும் தாங்க வேண்டியிருந்ததால், முன்பகுதியில் வெண்கலத்தை மெல்லியதாகவும் பின்பகுதியில் தடிமனாகவும் அமைத்தார். 1775இல் வார்ப்பின்போது உருகிய வெண்கலம் வெளியே பாய்ந்தது; மற்றவர்கள் ஓடிவிட, எமெலியான் கைலொவ் என்ற தொழிலாளி நின்று வேலையைக் காத்தார். சேதமடைந்த மேற்பகுதியைப் பின்னர் மீண்டும் வார்த்தார்கள்.

திட்டத்தை மேற்பார்த்த அதிகாரி பெத்ஸ்கொயுடனான பூசல் முற்றி, 1778இல் ஃபால்கொனே ரஷ்யாவை விட்டு வெளியேறினார். 1782இல் சிலை திறக்கப்பட்டபோது அதைச் செய்தவர் அங்கே இல்லை. பிற்காலத்தார் தரும் புகழுக்காகக் கலைஞன் உழைக்க வேண்டுமா என்று தீதரோவுடன் நெடுங்கடிதங்களில் வாதிட்டு, வேண்டியதில்லை என்று உறுதியாக நின்றவர் இவர். அந்த வாதத்தில் நான் ஃபால்கொனேயின் பக்கமே. ஆயினும் பிறருக்கு உரிய புகழை மறுக்க அதைக் காரணமாக்கக் கூடாது.

இதைச் சொல்வதற்குக் காரணம் மரீ-ஆன் கொலோ. இளம்வயதிலேயே ஃபால்கொனேயுடன் ரஷ்யா சென்ற இந்த மாணவிதான் பீட்டரின் தலையை வடித்தவர். ஃபால்கொனே அதை மறைக்கவில்லை. பின்னாளில் அவருடைய மருமகளான கொலோ, 1783இல் பக்கவாதத்தால் அவர் முடங்கியபின் இறுதிவரை அவரைக் கவனித்துக்கொண்டார். பீடத்தில் இரண்டு ஆட்சியாளர்களின் பெயர்கள் இருக்கின்றன. கொலோவின் பெயர் இல்லை. அந்தச் சிலையைப் பற்றி எழுதும் எவரும் இருவரின் பெயரையும் சேர்த்தே எழுத வேண்டும்.