சர்விங்கை எண்ணாதீர்கள், கலோரியைக் கூட்டுங்கள்
நண்பரே, 120 சர்விங் (ஒரு முறை பரிமாறும் அளவு) உள்ள அவசரகால உணவு வாளி, அதாவது நெடுநாள் கெடாத உலர் உணவு அடைத்து விற்கும் வாளி, ஒருவருக்கு ஒரு மாதம் தாங்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியல்ல. சர்விங் என்பது வயிறு நிறையும் ஒரு வேளைச் சாப்பாடு அல்ல; சர்க்கரை கலந்த பானப் பொடியைக் கரைத்த ஒரு டம்ளரும் ஒரு சர்விங்தான். சர்விங்குக்கு 200 கலோரி என்றே வைத்துக்கொள்ளுங்கள்: மொத்தம் 24,000, நாளுக்கு வெறும் 800. நிவாரணப் பணிகளுக்கான ஸ்ஃபியர் கையேடு ஒருவருக்கு நாளுக்கு 2,100 கலோரி என்கிறது. அப்படிச் சாப்பிட்டால் வாளி 11 நாளில் காலி. குழந்தைகள் உள்ள வீட்டில் யாரும் இதை நம்பி இருந்துவிடக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன். லேபிளில் மொத்தக் கலோரியையும் புரதத்தையும் பாருங்கள். அப்புறம், இந்த வாளிகளுக்குச் சொல்லும் 25 வருட ஆயுள் குளிர்ச்சியான, ஈரமில்லாத இடத்தில் வைத்தால்தான். வெயில் காயும் கார் ஷெட்டில் வேகமாகக் குறைந்துவிடும்.