ரீடா, ரெடா?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் பல ஆண்டுகளாகச் சிறிய அச்சகம் நடத்தி வருகிறேன். தமிழில் திருமண அழைப்பிதழும் மலையாளத்தில் கோயில் திருவிழா நோட்டீசும் ஒரே நாளில் அடித்துக் கொடுத்து, எழுத்துப் பிழைக்காக இரு மொழிக்காரர்களிடமும் ஏச்சு வாங்கிப் பழகியவன் நான். அப்படிப்பட்ட என்னை, ஆர், ஈ, ஏ, டி என்ற நான்கே ஆங்கில எழுத்துகள் இந்த மாதம் ஆயிரத்து எண்ணூறு ரூபாய்க்குக் கவிழ்த்துவிட்டன.

கடை இருக்கும் வளாகத்தில் மின்சாரக் கணக்குக்கு ஆளுக்கொரு சப்மீட்டர், அதாவது துணை மீட்டர் உண்டு. வழக்கத்தைவிட இரு மடங்காகத் தொகை வந்ததால், இம்முறை கணக்கெடுத்தது யார், எந்தத் தேதியில் என்று உரிமையாளரின் அலுவலகத்துக்குத் தமிழில் கடிதம் கொடுத்தேன். வாட்ஸ்அப்பில் ஆங்கிலத்தில் பதில் வந்தது, இரண்டே வாக்கியங்கள். கடிதத்தை 'ரெட்', அதாவது வாசித்துவிட்டார்களாம். அடுத்த வாக்கியத்தில் மீட்டருக்கும் அதே நான்கு எழுத்துகள்; அதையும் நடந்து முடிந்த 'ரெட்' என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். வந்து பார்த்துத்தானே எழுதியிருக்கிறார்கள் என்று பணத்தையும் கட்டிவிட்டேன். பிறகு சந்தேகம் தட்டி மீட்டரை நானே பார்த்தால், ரசீதில் இருந்த எண்ணைவிடக் குறைவாக ஓடியிருக்கிறது. நேரில் போய்க் கேட்டதற்கு அங்கிருந்த கணக்கர் சற்றும் கூசாமல் சொன்னார்: "அது ரெட் அல்ல சேட்டா, ரீட். எல்லா மாசமும் எடுக்கும் என்றுதான் அர்த்தம்." இந்த மாதம் எடுத்தீர்களா என்றால், அதைப் பற்றி அந்த வாக்கியம் எதுவும் சொல்லவில்லையாம்!

ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருப்பதை நான் குறை சொல்லவில்லை. கைரேகை பார்ப்பது, மெய்ப்புத் திருத்துவது, பல்கலைக்கழகத்தில் சட்டம் பயில்வது, எதிரில் இருப்பவரின் மனத்தை ஊகிப்பது எல்லாமே அவர்களுக்கு 'ரீட்' தான்; வெப்பமானி தானாகவே இத்தனை டிகிரி என்று 'ரீட்' செய்யும்; சட்டமன்றத்தில் ஒரு மசோதாவுக்கு மூன்று 'ரீடிங்' உண்டு. பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு ஆலோசனை கூறுதல், விடை காணுதல் என்ற பொருள்களும் இருந்தன. அதன் உறவான ஜெர்மன் சொல்லுக்கு அறிவுரை கூறுதல், ஊகித்தல் என்பவை இன்றும் பொருள். எங்கள் வளாகத்தார் மீட்டரை ஊகித்த விதத்தைப் பார்த்தால், சொல்லின் பூர்வீகத்துக்கு அவர்கள் விசுவாசமாகவே இருந்திருக்கிறார்கள்.

நம்முடைய 'படி' மட்டும் யோக்கியமா? வீட்டு வாசலிலும் படி, அரிசி அளக்கவும் படி, அரசு ஊழியருக்கும் படி. இந்த எல்லையில் வாழ்பவனுக்கு அது போதாதென்று இன்னொரு தொல்லையும் உண்டு: "பத்திரிகை படித்தேன்" என்று தமிழில் சொன்னால், பக்கத்துக் கடை மலையாளி நண்பர், அதில் என்ன பரீட்சையா வைக்கப் போகிறார்கள் என்று சிரிப்பார், ஏனென்றால் அவர் பத்திரிகையை 'வாயிக்க' வேண்டும், பாடத்தைத்தான் 'படிக்க' வேண்டும். நாகஸ்வரம் வாசிப்பவரையும் நாவல் வாசிப்பவரையும் நாம் ஒரே வினையால்தான் குறிக்கிறோம். ஆனால் படித்தேன், படிக்கிறேன், படிப்பேன் என்று காலத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோமே! நேற்றா, இன்றா, என்றுமா என்ற கேள்விக்குப் பதில் வினைமுற்றிலேயே இருக்கிறது.

ஆங்கிலத்திலும் முறையாகச் செய்ய முடியாததல்ல. வழிநடத்துவதற்கு 'லீட்', நடத்தியதற்கு 'லெட்' என்று ஒலி மாறும்போது எழுத்தையும் மாற்றி ஓர் 'ஏ'யைக் கழற்றத் தெரிந்தவர்கள், 'ரீட்' விஷயத்தில் ஒலியை மட்டும் மாற்றிவிட்டு எழுத்தை அப்படியே கிடத்தியிருக்கிறார்கள். 'கட்', 'புட்' போன்றவையாவது எழுத்திலும் ஒலியிலும் ஒன்றே. இதுவோ வாயால் சொன்னால் ஒரே பொருள், எழுதிக் கொடுத்தால் இரண்டு. இங்கிலாந்தில் இதே எழுத்துகளால் 'ரீடிங்' என்று எழுதி 'ரெடிங்' என்று அழைக்கும் ஊரே இருக்கிறது. தமிழ் எழுத்தில் ரீட், ரெட் என்று எழுதியிருந்தால் என் பணம் தப்பியிருக்கும்.

விடவில்லை. மீட்டரைப் படம் எடுத்து, அதிகமாக வாங்கிய தொகையைத் திருப்பித் தரும்படி வாட்ஸ்அப்பிலேயே தமிழில் மீண்டும் எழுதியிருக்கிறேன். நான்கு நாள்களாகப் பதில் இல்லை. செய்தி போய்ச் சேர்ந்ததா என்று அழுத்திப் பார்த்தேன். இரண்டு நீலக் குறிகள், அவற்றின் அருகே நேரம், அதற்கு மேலே அதே நான்கு எழுத்துகள்.