மாநாட்டுக்குத் துறையாகப் போங்கள்

மானுடவியல் மாநாட்டு அறிவிப்பு வந்ததும் பல பல்கலைக்கழகங்களில் ஒரே காட்சிதான். ஸ்காலர்கள் தனித்தனியாக அப்ஸ்ட்ராக்ட் (கட்டுரைச் சுருக்கம்) அனுப்புகிறார்கள், கைடு கையெழுத்துப் போடுகிறார், ஆளுக்கொரு தேதியில் டிக்கெட் எடுத்துப் போய் ஆளுக்கொரு சர்டிஃபிகேட்டோடு திரும்புகிறார்கள். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் இரண்டு கட்டுரைகள் வாசித்திருக்க வேண்டும் என்று யுஜிசியின் 2016 பிஎச்.டி. விதிகள் சொன்னபோது இதற்கு ஒரு காரணம் இருந்தது. 2022 விதிகளில் அந்தக் கட்டாயம் எடுக்கப்பட்டுவிட்டது. சர்டிஃபிகேட் சேர்க்கும் பழக்கம் மட்டும் போகவே இல்லை.

புதுச்சேரி, கடலூர்ப் பக்கம் களப்பணி செய்கிற ஒரு துறை மாநாட்டுக்குத் துறையாகவே போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒரு களம், ஒரு அமர்வு, நான்கு கட்டுரைகள். சமூகப் பண்பாடு, உடல்சார் மானுடவியல், தொல்லியல், மொழி என எல்லாம் ஒரே கூரைக்குள் இருக்கிற பாடம் நம்முடையது. பாகூர்ப் பக்கத்து இருளர் குடியிருப்புகளையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் குழந்தைகளின் உயரம், எடையை அளக்கிறார். இன்னொருவர் செங்கல் சூளைக்கும் மரம் வெட்டவும் வாங்குகிற முன்பணத்தைப் பற்றி எழுதுகிறார். மூன்றாமவர் சாதிச் சான்றிதழைப் பார்க்கிறார். புதுச்சேரிக்குப் பழங்குடிப் பட்டியல் வந்ததே 2016 டிசம்பரில்தான். அதில் இருப்பது இருளர் மட்டுமே; வில்லி, வேட்டைக்காரர் என்ற பெயர்கள் அதற்குள்ளேயே அடங்கும். எல்லையைத் தாண்டிக் கடலூர் மாவட்டத்துக்குள் போனால் அதே சனத்துக்குப் பட்டியலும் வேறு, அலுவலகமும் வேறு. இந்த மூன்று கட்டுரைகளும் மூன்று அரங்குகளில் வாசிக்கப்பட்டால் மூன்றும் மெலிந்து தெரியும். அடுத்தடுத்து வந்தால், முன்பணம் வாங்கிச் சூளைக்குப் போன குடும்பத்தின் குழந்தை ஏன் எடை குறைந்திருக்கிறது என்ற கேள்விக்கு அரங்கிலேயே விடை கிடைக்கும்.

அமர்வுக் கணக்கு எளிது. 90 நிமிடத்தில் கட்டுரைக்கு 15, கேள்விக்கு 5 என்று நான்கு பேருக்கு 80 போனால், மீதி 10 நிமிடம் பொது விவாதத்துக்கு. ஐந்தாவது கட்டுரையைத் திணித்தால் கேள்வி நேரம்தான் பலியாகும். இன்னொன்று: அமர்வு முன்மொழிவுக்கான கடைசித் தேதி பெரும்பாலும் தனிக் கட்டுரைக்கான தேதிக்கு முன்பே முடிந்துவிடும். சுற்றறிக்கையின் இரண்டாம் பக்கத்தைப் படிக்காமல் விட்டு வாய்ப்பை இழக்கிற துறைகள் நிறைய.

அப்ஸ்ட்ராக்ட் 250 முதல் 300 சொற்கள். அதில் முதல் 100 சொற்களை 'இந்தியா பன்முகத்தன்மை கொண்ட நாடு' என்று செலவழித்துவிட்டு, கடைசியில் 'முடிவுகள் மாநாட்டில் விவாதிக்கப்படும்' என்று முடிக்காதீர்கள். தரவு இன்னும் கையில் இல்லை என்பதை மதிப்பீட்டாளர் அந்த ஒரு வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார். எந்தக் கொம்யூன் (புதுச்சேரியின் உள்ளாட்சிப் பகுதி), எத்தனை வீடு, எந்த மாதங்கள், எந்த முறை, கிடைத்த முடிவு ஒன்று. இவ்வளவு இருந்தால் போதும்.

துறைக்குள் ஒத்திகை இரண்டு முறையாவது நடக்க வேண்டும். முதல் ஒத்திகை நேரத்துக்காக. 12 ஸ்லைடுக்கு மேல் இருந்தால் 15 நிமிடத்தில் முடியாது. இரண்டாவது, கேள்விக்காக. உடல்சார் கட்டுரையைப் பண்பாட்டுக்காரர்கள் குடைய வேண்டும், பண்பாட்டுக் கட்டுரையை அளவெடுப்பவர்கள் குடைய வேண்டும்.

எப்படிக் குடைவது என்பதற்கு ஒரு உதாரணம். '5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வளர்ச்சிக் குறைவு' என்று ஒரு அட்டவணை ஸ்லைடில் வருகிறது. முதல் கேள்வி, வயதை எப்படித் தெரிந்துகொண்டீர்கள்? பிறப்புச் சான்றிதழ் இல்லாத வீட்டில் தாய் சொன்ன வயதை அப்படியே எழுதியிருந்தால் அட்டவணையே ஆட்டம் காணும். 24 மாத ஆண் குழந்தையை 30 மாதம் என்று எழுதினால், அந்த இரண்டு வயதுக்குமான சராசரி உயரங்களுக்கு இடையே சுமார் 5 செ.மீ. வித்தியாசம் இருப்பதால், குறைவே இல்லாத குழந்தையும் சராசரியிலிருந்து ஒரு திட்ட விலக்கத்துக்கு (ஸ்டாண்டர்ட் டீவியேஷன்) மேல் கீழே இறங்கிவிடும். இதற்குத்தான் ஊர் நிகழ்ச்சி நாட்காட்டி. 2020 ஊரடங்கு, 2024 நவம்பர் கடைசியில் வந்த ஃபெஞ்சல் புயல், பெரிய பிள்ளைகளுக்கு 2015 வெள்ளம், 2011 டிசம்பர் 30-இல் அடித்த 'தானே' புயல். இவற்றோடு ஆடி, பொங்கல், மாசி மகத்துக்கு மாமல்லபுரம் போய்வந்தது. புயலுக்கு முன்னா பின்னா, அப்போது பிள்ளை தவழ்ந்ததா என்று கேட்டுக்கேட்டுத்தான் மாதத்தை நெருங்க முடியும்.

இரண்டாவது கேள்வி, படுக்கவைத்து அளந்தீர்களா, நிற்கவைத்தா? இரண்டு வயது வரை படுக்கவைத்து, அதன்பின் நிற்கவைத்து. மாற்றி அளந்திருந்தால் உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வளர்ச்சித் தரநிலைகளின்படி 0.7 செ.மீ. கூட்டியோ குறைத்தோ சரிசெய்ய வேண்டும். மூன்றாவது, அளந்தவர்கள் எத்தனை பேர்? இரண்டு பேர் என்றால், ஒரே குழந்தைகளை இருவரும் அளந்து பார்த்து வரும் பிழை எவ்வளவு? கண்குழியின் கீழ் விளிம்பும் காதுத் துளை ஓரமும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி தலையை நிறுத்தாமல் அளந்தால், ஆளுக்கு ஆள் எண் மாறிக்கொண்டே இருக்கும். துறைக்குள் இதற்குப் பதில் வராவிட்டால் அந்த ஸ்லைடை எடுத்துவிடுங்கள். பெரிய மேடையில் அது உடைந்தால் வலி அந்த மாணவருக்கு மட்டும்தான்.

படங்கள் விஷயத்தில் எனக்குக் கோபமே வரும். உடும்பைக் கையில் பிடித்த இருளப் பெரியவரின் படம் ஸ்லைடில் அழகாகத்தான் இருக்கும். உடும்பு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அந்தப் படம் அவருக்கு எதிரான சாட்சி. அரங்கில் பத்து பேர் கைப்பேசியில் ஸ்லைடைப் படம் பிடிப்பார்கள், சாயங்காலமே அது வாட்ஸ்அப்பில் போகும். சூளை முதலாளியின் பெயர் தெரியும் பலகை, ஆதார் அட்டை, குழந்தையின் முகம் எதுவும் கூடாது. 30 வீடு உள்ள குடியிருப்பில் பெயரை மட்டும் மாற்றிவிட்டு 'தலைவரின் இரண்டாவது மருமகள்' என்று எழுதினால் ஊருக்கே தெரியும் அது யாரென்று. களத்தில் வாங்கிய சம்மதம் ஆய்வேட்டுக்கா, மேடையில் காட்டவுமா என்று தனித்தனியாகக் கேட்டிருக்க வேண்டும்.

பயணம் பற்றிச் சுருக்கமாக. ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்தான் திறக்கிறது, ஏற்புக் கடிதமோ அதற்குள் வருவதில்லை. டெல்லிக்கும் ஹவுராவுக்கும் புதுச்சேரியிலிருந்து நேராகப் போகிறவை வாராந்திர வண்டிகள். விட்டால் விழுப்புரம், இல்லாவிட்டால் சென்னை. துறை முன்கூட்டியே நிர்வாக அனுமதி வாங்கி வைத்தால் மாணவர்கள் தட்கலுக்கு அலைய வேண்டாம். ரிஜிஸ்ட்ரேஷன் ரசீது, டிக்கெட், பங்கேற்புச் சான்று மூன்றின் அசலையும் ஒரே உறையில் வைத்திருங்கள். ஒன்று குறைந்தாலும் பயணச் செலவு செட்டில்மென்ட் மாதக்கணக்கில் நிற்கும், அதுவும் ஸ்காலர்ஷிப் வராத மாதத்தில்.

திரும்பி வந்த வாரத்திலேயே, அரங்கில் வந்த கேள்விகள் எல்லாவற்றையும் துறைக் கூட்டத்தில் வைத்துப் பேச வேண்டும். கேள்வி நேரத்தில் குறிப்பெடுக்கவென்றே ஒருவரை உட்கார வைத்திருந்தால்தான் இது நடக்கும். வாசித்தவருக்குப் பதற்றத்தில் பாதி கேள்வி நினைவிருக்காது. கட்டுரையைத் தமிழில் இரண்டு பக்கமாக்கி அந்தக் குடியிருப்பில் வாசித்துக் காட்டுங்கள். தவறான இடத்தை அவர்கள்தான் முதலில் பிடிப்பார்கள்.

ஆனால் ஒன்று மட்டும் மாநாட்டுக்காகக் காத்திருக்கக் கூடாது. 6 மாதம் முதல் 5 வயதுக்குட்பட்ட ஒரு குழந்தையின் மேல்கைச் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழே இருந்தால் அது கடும் ஊட்டச்சத்துக் குறைவு. டேப்பைச் சுருட்டும் முன்பே தாயிடம் சொல்லி, அன்றைக்கே அங்கன்வாடிக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் தகவல் கொடுத்துவிட வேண்டும். அட்டவணையில் அந்த எண்ணைப் பிறகு நிரப்பிக்கொள்ளலாம்.