300 டிபிஐ வேணும், ஆனா 200 கேபிக்குள்ள வேணும்!

"தம்பி, 300 டிபிஐ-ல வேணும், ஆனா 200 கேபிக்குள்ள இருக்கணும், கிளாரிட்டி மட்டும் குறையக் கூடாது." டிசைன் வேலை பார்க்கும் எனக்கு, வாடிக்கையாளர் இப்படிக் கேட்டாலே உச்சந்தலை சூடாகிறது. அச்சுக்கா, திரைக்கா, எத்தனை பிக்சல் அகலம் என்று திருப்பிக் கேட்டால், "அதெல்லாம் எனக்கெதுக்கு, நீங்க பார்த்துப் பண்ணுங்க" என்று பதில் வரும்.

ஐயா, டிபிஐ, அதாவது அச்சில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு, படத்துக்குள் இருக்கும் தெளிவே கிடையாது. கோப்பின் தலையில் எழுதி வைத்திருக்கும் ஓர் எண், அவ்வளவுதான். 3000க்கு 2000 பிக்சல் படத்தில் 72 என்று எழுதினாலும் 300 என்று எழுதினாலும் பிக்சல் அதே 60 லட்சம்தான். கோப்பின் அளவும் மாறாது, தெளிவும் மாறாது. ஃபோட்டோஷாப்பில் இமேஜ் சைஸ் திறந்து, ரீசாம்பிள் (பிக்சல் எண்ணிக்கையை மாற்றும் வசதி) டிக்கை எடுத்துவிட்டு எண்ணை மாற்றிப் பாருங்கள், அச்சில் வரும் அங்குலம் மட்டும்தான் மாறும். டிக்கை எடுக்காமல் 72ஐ 300 ஆக்கினால் பிக்சல் 17 மடங்குக்கு மேல் ஊதிப் பெருகும். ஊதியதில் புதிதாக ஒரு முடி, ஒரு மயிரிழை விவரம்கூட வராது. சாஃப்ட்வேர் பக்கத்துப் பிக்சலைப் பார்த்து உத்தேசமாக நிரப்பியதுதான் அத்தனையும்.

ஃப்ளெக்ஸுக்கும் 300 கேட்கிறார்கள், அதுதான் கொடுமையின் உச்சம். 10 அடிக்கு 8 அடி பேனர் என்றால் 120 அங்குலம், 96 அங்குலம். 72 வைத்தாலே 8640க்கு 6912 பிக்சல், சிஎம்ஒய்கே-யில் (அச்சு மையின் நான்கு நிறக் கணக்கு) மெமரியில் சுமார் 230 எம்பி. சாலையோரத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு இது தாராளம். 300 வைத்தால் அகலமே 36000 பிக்சல். ஃபோட்டோஷாப்பின் வழக்கமான பிஎஸ்டி (PSD) கோப்பு 30000 பிக்சலுக்கு மேல் சேமிக்கவே விடாது, பெரிய கோப்புக்கான பிஎஸ்பி-க்கு (PSB) தாவ வேண்டும். கம்ப்யூட்டர் முனகும், ஃபேன் அலறும், பேனரில் ஒரு துளி வித்தியாசம் தெரியாது.

அடுத்தது, ஜேபெக் (JPEG) படமாகச் சேமிக்கும்போது "குவாலிட்டி 100 வையுங்க" என்னும் கோஷ்டி. அந்த 100 சதவீதம் அல்ல. ஜேபெக் தரநிலையில் அப்படி ஓர் அளவுகோலே கிடையாது. ஒவ்வொரு சாஃப்ட்வேரும் தன் இஷ்டத்துக்கு ஒன்று வைத்துக்கொண்டிருக்கிறது. ஃபோட்டோஷாப்பிலேயே ஒரு வாசலில் 0 முதல் 12 வரை, சேவ் ஃபார் வெப் என்ற இன்னொரு வாசலில் 0 முதல் 100 வரை. 12லிருந்து 10க்கு இறங்கினால் பல படங்களில் கோப்பு ஏறக்குறைய பாதியாகும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஏற்கெனவே நசுங்கி வந்த 300 கேபி போட்டோவை 12ல் சேமித்தால் அது ஒரு எம்பியைத் தாண்டும், தெளிவு அதே நசுங்கிய தெளிவுதான். கோப்பு கனத்ததைப் பார்த்து "ஆங், இப்பதான் எச்டி" என்று மகிழ்பவர்களை என்ன செய்வது?

ஆனால் ஓரிடத்தில் இந்தக் குவாலிட்டி எண் நிஜமாகவே முக்கியம், அதை மட்டும் யாரும் கவனிப்பதில்லை. ஜேபெக் வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனியாகப் பிரித்து வைக்கும். இடம் மிச்சம் பிடிக்க, நான்கு பிக்சலுக்குச் சேர்த்து ஒரே நிறம் என்று சுருக்கிவிடும். போட்டோவில் இது தெரியாது. நம் ஊர் கல்யாணப் பத்திரிகை, போஸ்டரில் மஞ்சள் பின்னணி மேல் அடர்சிவப்பு எழுத்து, அதுவும் சுற்றமும் நட்பும் பட்டியல் பொடி எழுத்தில் இருக்கும். அங்கே விளிம்பெல்லாம் அழுக்கு ஆரஞ்சாகக் கசியும். மூன்று நான்கு பிக்சலே உள்ள மெய்யெழுத்துப் புள்ளி மங்கிப் போகும். கறுப்பு மேல் சிவப்பு என்றால் கேட்கவே வேண்டாம். ஃபோட்டோஷாப்பின் 12 அளவில் 6 வரை இந்த நிறச் சுருக்கம் உண்டு, 7 முதல் இல்லை. சேவ் ஃபார் வெப்பில் 50 வரை உண்டு, 51 முதல் இல்லை. கிம்ப் (GIMP) என்ற இலவச சாஃப்ட்வேரில் இந்த நிறச் சுருக்கம் சப்சாம்ப்ளிங் என்று தனியாகவே இருக்கும், சுருக்கமே இல்லாத 4:4:4 தேர்ந்தெடுங்கள். இதை அந்தத் திரையில் ஒரு வரி எழுதிக் காட்டினால் இந்த சாஃப்ட்வேர்க்காரர்களுக்கு என்ன குறைந்துவிடும்? போட்டோவே இல்லாத, தட்டை நிறமும் எழுத்தும் மட்டுமான வேலையென்றால் ஜேபெக்கை விட்டுவிட்டு பிஎன்ஜி போடுங்கள். எழுத்து கத்தி மாதிரி நிற்கும், பல நேரம் கோப்பும் சின்னதாக இருக்கும். போட்டோ நிறைந்த போஸ்டரை பிஎன்ஜி-யில் போட்டுவிட்டு "ஏன் 6 எம்பி" என்று என்னிடம் கேட்காதீர்கள்.

கண்ணுக்குத் தெரியாத சுமை வேறு. அச்சுக்கு வைத்த சிஎம்ஒய்கே கோப்பை அப்படியே ஜேபெக் ஆக்கினால் கலர் புரொஃபைலும் (நிறங்களை எப்படிக் காட்டுவது என்ற குறிப்பு) ஒட்டிக்கொள்ளும். அந்தப் புரொஃபைல் மட்டுமே 500 கேபிக்கு மேல். படத்தைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கினாலும் விண்ணப்பத் தளம் கேட்கும் 50 கேபிக்குள் வராது. பல வருடம் ஒரே டெம்ப்ளேட்டில் ஒட்டி ஒட்டி வேலை பார்த்த கோப்பு என்றால் பழைய ஆவணங்களின் அடையாள எண்கள் மெட்டாடேட்டாவில் (கோப்போடு ஒட்டியிருக்கும் குறிப்புகள்) குவிந்து, அதுவே பல எம்பி ஆகியிருக்கும். குவாலிட்டியை 3க்கு இறக்கி முகத்தைச் சதுரம் சதுரமாக்கினாலும் இந்தச் சுமை குறையாது.

முதலில் திரைக்கான நிற முறையான எஸ்ஆர்ஜிபி-க்கு (sRGB) மாற்றுங்கள். பிறகு பிக்சலைத் தீர்மானியுங்கள்: இன்ஸ்டா போஸ்டுக்கு 1080 அகலம், 3.5க்கு 4.5 சென்டிமீட்டர் பாஸ்போர்ட் படத்துக்கு 413க்கு 531. கடைசியில் சேவ் ஃபார் வெப், மெட்டாடேட்டா 'None' (எதுவும் வேண்டாம்), குவாலிட்டி 60 முதல் 75. கேபி கட்டாயம் என்றால் அதே திரையின் மூலை மெனுவில் ஆப்டிமைஸ் டு ஃபைல் சைஸ் இருக்கிறது, 50 கேபிக்குள் வர 45 என்று அடித்தால் அதுவே பார்த்துக்கொள்ளும்.

இவ்வளவையும் செய்து, அச்சுக் கோப்பு தனி, பார்வைக்கு தனி என்று அனுப்பினால், அந்தப் பார்வைப் படத்தை வாட்ஸ்அப்பில் போட்டோவாக ஃபார்வர்டு செய்கிறார்கள். டாகுமென்ட்டாக அனுப்பச் சொன்னது காற்றோடு போச்சு. வாட்ஸ்அப்பின் சாதாரணத் தரம் அதை 1600 பிக்சல் அளவுக்குச் சுருக்கி இன்னொரு தடவை நசுக்குகிறது. பிரஸ்காரர் அதையே 10 அடிக்கு இழுக்கிறார், அங்குலத்துக்கு 13 பிக்சல். பேனர் கட்டி முடித்த பிறகு போன் வருகிறது: "தம்பி, டிசைன்ல கிளாரிட்டியே இல்லையேப்பா."