மார்வெல் ஸ்ப்ளெண்டர்: 16 புள்ளி மட்டும் போதாது

நன்றாக விற்ற ஒரு போர்டு கேமை எடுத்து, அதன் மேல் சூப்பர் ஹீரோ படங்களை ஒட்டி, விலையையும் சற்று ஏற்றி மறுபடியும் கடைக்கு அனுப்புவது இன்று சர்வசாதாரணமான வியாபாரமாகிவிட்டது. மோனோபொலிக்கு எத்தனை வேடங்கள் போட்டிருக்கிறார்கள் என்பதைப் பொம்மைக் கடைக்குள் நுழைந்த எவரும் அறிவார்கள். எந்த வேடத்திலும் அது அதே மோனோபொலிதான். ஆகவே பெங்களூரில் வேலை பார்க்கும் என் அக்கா மகன், போன மாம்பழப் பருவத்தில் தருமபுரி வந்தபோது மார்வெல் ஸ்ப்ளெண்டர் பெட்டியைக் கொண்டுவந்து மேசை மேல் வைத்தபோது, எனக்கு அதன் மேல் பெரிய மரியாதை எதுவும் இருக்கவில்லை. பல மாதங்கள் ஆடிய பிறகு என் கருத்து இதுதான்: இந்தப் பெட்டியில் ஒட்டிய வேடம் அரைகுறை, மாற்றிய விதி அருமை. பலரும் இதை நேர்மாறாகச் சொல்லிக்கொண்டிருப்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

மூல ஆட்டத்தை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். மார்க் ஆன்ட்ரே வடிவமைத்த ஸ்ப்ளெண்டரை 2014ஆம் ஆண்டில் ஸ்பேஸ் கவ்பாய்ஸ் என்ற பிரெஞ்சு நிறுவனம் வெளியிட்டது. அந்த ஆண்டே ஆண்டின் சிறந்த ஆட்டத்துக்காக ஜெர்மனியில் தரப்படும் புகழ்பெற்ற ‘ஷ்பீல் டெஸ் யாரெஸ்’ விருதுக்கு அது பரிந்துரைக்கப்பட்டது. நான்கு பேர் வரை ஆடலாம், அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஐந்து நிற இரத்தினக் கற்களுக்கான டோக்கன்கள் நடுவில் இருக்கும். கையில் எடுத்தால் கனமாகவும், ஒன்றோடொன்று மோதினால் ‘டக்’கென்ற ஓசையோடும் இருக்கும் அந்த டோக்கன்களே பாதிப் பேரை ஆட்டத்துக்குள் இழுத்துவிடும். நம் முறை வரும்போது வேறு வேறு நிறத்தில் மூன்று கற்களை எடுக்கலாம், அல்லது ஒரே நிறத்தில் இரண்டை எடுக்கலாம், அல்லது சேர்த்த கற்களைக் கொடுத்து ஓர் அட்டையை வாங்கலாம், அல்லது ஓர் அட்டையைப் பின்னால் வாங்கிக்கொள்வதற்காகப் பிடித்து வைத்துக்கொண்டு, எந்த நிறக் கல்லுக்கும் ஈடாகும் ஒரு தங்க டோக்கனைப் பெறலாம். கொடுத்த கல் போய்விடும். வாங்கிய அட்டை போகாது. ஒவ்வோர் அட்டையும் ஒரு நிறத்தில் நிரந்தரமான ஒரு கல்லுக்குச் சமம் என்பதால், அடுத்த அட்டையின் விலை அந்த அளவுக்குக் குறைகிறது. தொடக்கத்தில் மூன்று கல்லுக்குத் திண்டாடியவர், கடைசியில் ஒரு கல்லும் கொடுக்காமல் அட்டை வாங்குகிறார். ‘எஞ்சின் பில்டிங்’ என்று இவ்வகை ஆட்டங்களைச் சொல்வது இதனால்தான். பல அட்டைகளுக்குப் புள்ளியும் உண்டு; 15 புள்ளியை யாராவது தொட்டதும், அந்தச் சுற்றோடு ஆட்டம் முடிகிறது.

இதில் எனக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை உண்டு. மேல் வரிசையில் 5 புள்ளி தரும் அட்டைக்கு ஒரு நிறத்தில் 7 கற்களும் இன்னொரு நிறத்தில் 3 கற்களும் விலை. அப்படிப்பட்ட அட்டைகளை முன்கூட்டியே பிடித்து வைத்துக்கொண்டு, இரண்டு மூன்று நிறங்களை மட்டும் மலைபோல் குவித்து, மற்ற நிறங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வென்றுவிடும் ஆள் ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் உருவாகிவிடுகிறார். அவர் என்ன செய்கிறார் என்று தெரிந்தாலும், தடுப்பதற்கான கருவிகள் மற்றவர்களிடம் குறைவு. ஒவ்வொருவரும் தத்தம் எஞ்சினைத் தனித்தனியே ஓட்டிக்கொண்டிருக்க, யாருடையது வேகமானது என்பது மட்டுமே கேள்வியாகிறது.

2020இல் வந்த மார்வெல் பதிப்பு கைவைத்திருப்பது சரியாக இந்த இடத்தில்தான். இரத்தினங்களுக்குப் பதில் மார்வெல் கதைகளில் வரும் சக்திவாய்ந்த இன்ஃபினிட்டி கற்கள், தங்கத்துக்குப் பதில் சாம்பல் நிற ஷீல்டு டோக்கன், குறிப்பிட்ட நிற அட்டைகளைச் சேர்த்தவரிடம் தாமாக வந்து புள்ளி தரும் பிரபுக்களுக்குப் பதில் வகாண்டா, அஸ்கார்டு போன்ற இடங்கள் என்பதெல்லாம் பெயர் மாற்றங்கள். உண்மையான மாற்றம் வெற்றிக்கான நிபந்தனையில் இருக்கிறது. 16 புள்ளி வேண்டும். அத்துடன் ஐந்து நிறங்களிலும் குறைந்தது ஓர் அட்டை வேண்டும். அத்துடன் பச்சை நிற டைம் கல்லும் வேண்டும், அதுவோ மேல் வரிசையிலுள்ள மூன்றாம் நிலை அட்டையை வாங்கினால் மட்டுமே கிடைக்கும். மூன்றும் ஒருசேர அமையும் வரை நீங்கள் 20 புள்ளி வைத்திருந்தாலும் வெல்ல முடியாது. இவற்றோடு, அவெஞ்சர்ஸ் சின்னம் பொறித்த அட்டைகளில் முதலில் மூன்று சின்னங்களைச் சேர்ப்பவருக்கு 3 புள்ளி மதிப்புள்ள ஒரு வில்லை (டைல்) கிடைக்கிறது. மூல ஆட்டத்தில் ஒருமுறை கிடைத்த பிரபு கடைசிவரை உங்களுடையவர். இந்த வில்லையோ வேறொருவர் உங்களைவிட அதிகச் சின்னம் சேர்த்ததும் கைமாறிவிடும்.

எழுத்தில் படிக்கும்போது இது சிறிய மாற்றமாகத் தோன்றலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால் அதன் வீரியம் விளங்கும். அக்கா மகனிடம் 16 புள்ளி, நான்கு நிறங்கள், பச்சைக் கல் எல்லாம் சேர்ந்துவிட்டன; ஆரஞ்சு நிறத்தில் மட்டும் ஓர் அட்டை இல்லை. கீழ் வரிசையில் மலிவான ஆரஞ்சு அட்டை ஒன்று கிடந்தது. அவனுக்கு முன் ஆடவேண்டிய என் மகள், தனக்கு எந்த வகையிலும் தேவைப்படாத அந்த அட்டையைப் பிடித்து வைத்துக்கொண்டாள். அதன் இடத்தில் நீல அட்டை வந்து விழுந்தது. “பாப்பா, இது அநியாயம்” என்றான் அவன். அடுத்த சுற்றில் அவள் அவெஞ்சர்ஸ் சின்னம் உள்ள 1 புள்ளி அட்டையை வாங்கினாள். இருவரிடமும் மும்மூன்றாக இருந்த சின்னங்கள் அவளிடம் நான்காயின. வில்லை அவள் பக்கம் போனது. அவன் 13க்கு இறங்க, 12இல் இருந்த அவள் 16க்கு ஏறினாள். ஐந்து நிறங்களும் பச்சைக் கல்லும் அவளிடம் ஏற்கெனவே இருந்தன. மூல ஆட்டத்தில் இப்படி ஒரு முடிவுக்கு வாய்ப்பே இல்லை. அங்கே மற்றவரின் புள்ளிகளைக் கண்டு பெருமூச்சு விடலாம், இங்கே கைநீட்டிப் பறிக்கலாம்.

இனி வேடத்தைப் பற்றி. இன்ஃபினிட்டி கற்களைத் தேடித் திரியும் வில்லன் தானோஸின் திட்டத்தை முறியடிக்க வீரர்களைத் திரட்டுகிறோம் என்பது கதை. ஆனால் மேசையில் நாம் செய்வது என்ன? இன்ஃபினிட்டி கற்களை நிறம் நிறமாகச் சேர்க்கிறோம், எல்லாம் சேர்ந்ததும் அவற்றைப் பொருத்தும் கையுறையை வெல்கிறோம். தானோஸ் செய்ததும் இதைத்தான். போதாததற்குத் திரட்டும் கூட்டத்தில் வில்லன்களும் இருக்கிறார்கள். ஹல்க் உங்கள் அணிக்கு வந்தால் எதையும் உடைக்கப்போவதில்லை; மற்ற அட்டைகளைப்போல அவனும் ஒரு நிறம், சில புள்ளிகள், அவ்வளவே. இரும்பு மனிதனையும் அவனையும் இடம் மாற்றி வைத்தாலும் ஆட்டம் ஒரு துளியும் மாறாது. படங்கள் திரைப்படத்திலிருந்து எடுக்கப்படாமல் காமிக்ஸ் ஓவியங்களாக இருப்பது கண்ணுக்கு விருந்து என்பதை மறுக்கவில்லை. என் அம்மாவுக்கு இவர்களில் ஒருவர் பெயரும் தெரியாது. “அந்தப் பச்சைப் பயலை எடுத்துக்குடு, மஞ்சளு மூணு வெச்சிருக்கேன்” என்று சொல்லியே ஆடுகிறார், நன்றாகவும் ஆடுகிறார். மூல ஆட்டத்தில் எட்டாம் ஹென்றி யாரென்று தெரியாமலேயே அவரைத் தன் பக்கம் வரவைத்ததும் இதே அம்மாதான்.

இதைச் சொன்னால், ‘நம்ம ஊர் வீரர்களை வைத்து ஒரு பதிப்பு வந்தால் எப்படி இருக்கும்’ என்று நண்பர்கள் ஆரம்பித்துவிடுகிறார்கள். தருமபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்கள் வரிசையாக நிற்கின்றன. ஆநிரை மீட்கப் போய் மாண்டவர்கள் வில்லும் வாளுமாக அவற்றில் நிற்கிறார்கள். தகடூரை ஆண்ட அதியமானும் இருக்கிறான். ஆகவே ஆள் பஞ்சம் இல்லை. ஆனால் ஹல்க் நின்ற கட்டத்தில் அதியமான் படத்தை அச்சடித்தால் அது இன்னொரு அரைகுறை வேடமாகவே முடியும். கிடைத்த நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஒளவைக்குக் கொடுத்தவன் அவன். ஸ்ப்ளெண்டரிலோ வாங்கிய அட்டையை எவருக்கும் கொடுக்க வழியே கிடையாது. சேர்ப்பதைத் தவிர வேறெதையும் அந்த எஞ்சின் அறியாது. கடையெழு வள்ளல்களை வைத்து ஆட்டம் செய்ய விரும்புபவர், கொடுத்தால் வலுக்கும் ஓர் எஞ்சினை முதலில் யோசிக்க வேண்டும். படம் வரைபவரை அதற்குப் பிறகு தேடலாம்.

மார்வெல் பதிப்பில் எனக்குள்ள உருப்படியான புகார் நிறங்களைப் பற்றியது. மூல ஆட்டத்தில் வெள்ளை, நீலம், பச்சை, சிவப்பு, கறுப்பு என ஐந்தும் எட்ட நின்று பார்த்தாலே பிரிந்து தெரியும். இங்கே மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு ஒரு பக்கமும் நீலம், ஊதா ஒரு பக்கமுமாக நெருங்கி நிற்கின்றன. இரவில் கரண்ட் போய் எமர்ஜென்சி விளக்கில் ஆடும்போது, மேசையின் அந்தப் பக்கம் இருப்பவரிடம் உள்ளது சிவப்பா ஆரஞ்சா என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கேட்டாலே நமக்கு எந்த நிறத்தில் அக்கறை என்பது அவருக்குத் தெரிந்துவிடும். நிறக்குறைபாடு உள்ளவர்களுக்கு இது இன்னும் தொல்லை. எங்கள் வீட்டில் சிவப்பு டோக்கன்களின் விளிம்பில் மட்டும் வெள்ளை நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்துவிட்டோம். பெட்டியைக் கொண்டுவந்தவனுக்கு அதில் இன்றுவரை வருத்தம்.

எதை வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு: போர்டு கேமே ஆடாத வீட்டில் பழைய ஸ்ப்ளெண்டரிலிருந்து தொடங்குங்கள், அதன் விதிகளைப் பத்து வயதுப் பிள்ளைக்கும் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். அதில் எப்போதும் ஒரே ஆள் வெல்லும் நிலைமை வந்துவிட்ட வீடுகளுக்கு மார்வெல் பதிப்பைத் தயங்காமல் சொல்வேன், உங்களுக்குச் சூப்பர் ஹீரோக்களைப் பிடிக்காவிட்டாலும்கூட. வீட்டில் ஆடுபவர்கள் இருவர்தான் என்றால் இரண்டும் வேண்டாம். மார்க் ஆன்ட்ரேயும் புரூனோ கத்தாலாவும் சேர்ந்து செய்து 2022இல் வந்த ஸ்ப்ளெண்டர் டூயலை வாங்குங்கள். அதில் 20 புள்ளி, 10 கிரீடம், ஒரே நிறத்தில் 10 புள்ளி என வெல்வதற்கு மூன்று தனித்தனி வழிகள் இருக்கின்றன, எதிராளி எந்த வழியில் போகிறார் என்பதைக் கண்காணிப்பதே பாதி ஆட்டம்.