பாட்டியின் படம் செல்லாது

பிரேசிலின் பல அரசுப் பல்கலைக்கழகங்களில் கறுப்பின மாணவர்களுக்கான ஒதுக்கீட்டின்கீழ் இடம் கேட்பவர், ஒரு குழுவின் முன் வந்து நிற்க வேண்டும். தோலின் நிறம், தலைமுடியின் சுருள், மூக்கும் உதடும் அமைந்த விதம் ஆகியவற்றைப் பார்த்து, வெளியுலகம் இவரைக் கறுப்பராகக் கருதுமா என்று அக்குழு முடிவுசெய்கிறது. பாட்டி கறுப்பினத்தவர் என்று பழைய குடும்பப் படத்தை எடுத்து நீட்டினாலும் செல்லாது.

ஒரு மாணவரை நிற்கவைத்து முகம் பார்ப்பதா என்று முதலில் எனக்கும் அருவருப்பாகவே இருந்தது. இருந்தும் இம்முறையை ஆதரிக்கிறேன்.

அமெரிக்காவில் எல்லாவற்றையும் பாட்டியே தீர்மானித்தார். வர்ஜீனியா மாநிலத்தின் 1924ஆம் ஆண்டுச் சட்டப்படி, கறுப்பின முன்னோர் ஒருவர் இருந்தாலே, எத்தனை தலைமுறை கடந்தாலும் ஒருவர் வெள்ளையர் ஆக முடியாதிருந்தது. (பூர்வகுடிப் பெண்ணான போகஹோண்டஸின் வழிவந்தவர்கள் என்று பெருமை பேசிய மேட்டுக்குடியினருக்காக அதே சட்டத்தில் ஒரு விலக்கும் நுழைக்கப்பட்டது!) ஒதுக்கிவைப்பதற்காகக் கிழிக்கப்பட்ட கோட்டைக் கறுப்பின மக்கள் பின்னர் தங்கள் ஒற்றுமையின் எல்லையாக்கிக்கொண்டார்கள். வெள்ளைத் தாய்க்குப் பிறந்த ஒபாமா, பல இனங்களைக் குறிக்க இடமிருந்தும், 2010 கணக்கெடுப்பில் கறுப்பர் என்ற கட்டத்தை மட்டுமே குறித்தார்.

ஏறத்தாழ 50 லட்சம் ஆப்பிரிக்கர்கள் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட பிரேசிலில், 1888இல் அடிமைமுறை ஒழிந்தபின் அத்தகைய சட்டம் இயற்றப்படவில்லை. இனக்கலப்பே நாட்டின் பெருமையாகப் பேசப்பட்டது. உங்கள் நிறம் என்ன என்று 1976இல் அரசு கேட்டபோது, பால் கலந்த காப்பி, வெயிலில் கருகிய நிறம் என்றெல்லாம் மக்கள் நூற்றுக்கும் மேற்பட்ட பெயர்களைச் சொன்னார்கள். கறுப்பு என்ற ஒரு சொல்லைச் சொல்லாதிருக்கவே அத்தனை பெயர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. 2022 கணக்கெடுப்பில் 45.3 சதவீதத்தினர் தங்களைக் கலப்பு நிறத்தவர் என்றும், 10.2 சதவீதத்தினர் மட்டுமே கறுப்பர் என்றும் பதிந்தனர். அங்கே பாட்டியைக் கணக்கில் எடுத்தால், வாழ்நாளெல்லாம் வெள்ளையராகவே நடத்தப்பட்டவரும் ஒதுக்கீட்டுக்குள் வந்துவிடுவார். தெருவில் மறித்துச் சோதனையிடும் காவலர் யாருடைய பாட்டியையும் விசாரிப்பதில்லை, முகத்தைத்தான் பார்க்கிறார்.

குழு தவறும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 2007இல் பிரேசிலியா பல்கலைக்கழகத்தில், உருவம் ஒத்த இரட்டையர் இருவரில் ஒருவரைக் கறுப்பர் என்றும் மற்றவரை அல்லர் என்றும் புகைப்படம் பார்த்து முடிவுசெய்து, பிறகு திருத்திக்கொண்டார்கள். நேரில் பார்க்கும் கண்ணும் பிழைக்கு அப்பாற்பட்டதன்று. குழுவில் கறுப்பினத்தவரும், மறுக்கப்பட்டவருக்கு மேல்முறையீடும் இருக்கும்வரைதான் என் ஆதரவு.